கடனில்லாப் பயணம்

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய், தன் மகளுக்கு 18 வயது நிறைகின்ற நாளில் அவளைக் கொழும்புக்கு அழைத்துச் சென்று காட்டிவர விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கண்டியிலிருந்து கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் அப்பால், பஸ் போய்த் திரும்பும் கடைசி முடக்குக்கு மேலே உள்ள லயம் ஒன்றில் அவர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் புறப்படுவது வேலை தேடியன்று, மருத்துவத்துக்கன்று, எந்தக் கந்தோரிலும் கையெழுத்து வாங்குவதற்குமன்று. கடலைப் பார்ப்பதற்கு, உயர்ந்த கட்டடங்களைப் பார்ப்பதற்கு, ஒரு கடையில் அமர்ந்து சாப்பிடுவதற்கு, பிறகு வீடு திரும்புவதற்கு. இந்தச் செலவு நியாயமானதா? இதுவே இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். மனித உரிமைகளைப் பற்றி மேடைகளில் பேசும்போது நாம் எல்லோரும் ஒரே கருத்தினராகவே தோன்றுகிறோம். ஒரு தொழிலாளியின் முந்தானையில் முடிந்திருக்கும் சில ஆயிரம் ரூபா எதற்குச் செலவாக வேண்டும் என்ற பேச்சு எழும்போதுதான் நம் கொள்கைகள் எவ்வளவு ஆழத்துக்கு வேர்விட்டிருக்கின்றன என்பது தெரியவரும்.

இத்தாயின் விருப்பத்துக்கு எதிராக மூன்று குரல்கள் எழும். முதலாவது, லயத்துக்குள்ளேயே எழுவது. "இந்தக் காசுல புள்ளைக்கு ஒரு தோடு வாங்கலாமே அக்கா" என்று பக்கத்துக் காம்பராவில் இருப்பவள் சொல்வாள். அது வஞ்சகமில்லாத குரல். வறுமையைப் பழகியவளின் சிக்கனம். இரண்டாவது, நம்மைப் போன்ற படித்தவர்களின் குரல். பிறந்தநாள் கொண்டாடுவதும் பட்டணம் பார்க்கப் போவதும் நடுத்தர வர்க்கத்தைப் பார்த்துப் போடும் வேஷம் என்று நாம் முகஞ்சுளிப்போம். மூன்றாவது, நன்மை நாடும் குரல்போல ஒலிப்பது. பகட்டைக் கண்டால் பெண்ணின் மனம் கெட்டுப்போகும், தன் வாழ்க்கையில் வெறுப்புத் தோன்றும், ஆகவே காட்டாமலிருப்பதே நலம் என்பது அது.

முதற்குரலுக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. அதை மறுக்க இயலாது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் வர்த்தமானி வாயிலாக 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2024இல் அது 1350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்த 1000 ரூபாவுக்காக எத்தனை ஆண்டுகள் போராட்டம் நடந்தது என்பதை மலையகத்தில் அறியாதவர் இல்லை. இருவர் கொழும்புக்குப் போய்வரும் செலவு இச்சம்பளத்தில் பல நாட்களைத் தின்றுவிடும். பெரட்டுக்குப் போகாத அந்த நாளின் கூலியும் அதனோடு சேர்ந்து போகும்.

ஆயினும், இக்கணக்கை நாம் யாரிடம் கேட்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். வசதியுள்ளவன் தன் பிள்ளையை நுவரெலியாவுக்கோ சிங்கப்பூருக்கோ அழைத்துச் சென்றால் அவனிடம் எவரும் காரணம் கேட்பதில்லை. ஏழையின் இன்பத்துக்கு மட்டும் நாம் ரசீது கேட்கிறோம். மருந்து வாங்கினால் சரி, புத்தகம் வாங்கினால் மிகவும் சரி, கடலைப் பார்த்தால் வீண் என்று தீர்ப்பளிக்கிறோம். உயிரோடிருப்பதற்குத் தேவையானவற்றுக்கு மட்டுமே அவனுக்கு உரிமையுண்டு என்பதுதானே இத்தீர்ப்பின் பொருள்? பழைய தோட்டத்துரை அரிசி அளந்து கொடுத்தபோது கொண்டிருந்த கருத்தும் இதுவே. அரிசியை அளந்தவன் மகிழ்ச்சியை அளக்கவில்லை. மகிழ்ச்சி அவன் கணக்கிலேயே இல்லை. அந்தக் கணக்குப் புத்தகத்தை நாம் ஏன் தொடர்ந்து எழுத வேண்டும்?

இனி, பிறந்தநாளைப் பார்ப்போம். அது மேலைநாட்டிலிருந்து கேக்கோடும் மெழுகுவர்த்தியோடும் வந்திறங்கிய வழக்கம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தமிழுக்கு அது புதிதன்று. வேந்தன் பிறந்த நாளைச் சிறப்பிக்கும் பெருமங்கலத்தைத் தொல்காப்பியம் புறத்திணையியலிலேயே குறிப்பிடுகிறது. இராசராசன் பிறந்த சதய நாள் இன்றும் தஞ்சையில் விழாவாகக் கொண்டாடப்படுகிறது. அவன் எடுப்பித்த பெருங்கோயிலுக்குக் கல் சுமந்தவன் பிறந்த நாளை எவரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. ஆகவே பிறந்தநாள் நம் மரபிலும் இருந்தது, குடிகளுக்குத்தான் இல்லாதிருந்தது. அரசனுக்கு நாள் உண்டு, குடிக்கு ஆண்டுகூட இல்லை என்ற ஏற்பாட்டைக் குலைப்பது முற்போக்குக்கு மாறானதா?

மலையகத் தமிழருக்குப் பிறந்த நாளும் பிறந்த இடமும் கொண்டாட்டத்துக்குரியனவாக இருந்ததைவிட, வழக்குக்குரியனவாகவே நெடுங்காலம் இருந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவர் இம்மண்ணில் பிறந்ததை மட்டும் போதிய சான்றாக ஏற்கவில்லை. அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையில் பிறந்தவர் வம்சாவழியால் பிரஜையாவதற்கு, அவருடைய தந்தை இங்கு பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். எழுத்தறியாத மனிதர் மூன்று தலைமுறையின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவார்? மணவுறவில் பிறந்த பிள்ளைக்குத் தாய் எங்கே பிறந்தாள் என்று அச்சட்டம் கேட்கவுமில்லை. பத்து மாதம் சுமந்தவளின் பிறப்பு, பிள்ளையின் நாட்டைத் தீர்மானிக்கும் கணக்கில் வரவேயில்லை.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரசின் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். 1949இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்போது அவர்களைத் தெரிவுசெய்த மக்களில் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பில் இல்லை. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த 1959ஆம் ஆண்டின் மாற்றமும் வாக்கே இல்லாதவருக்கு எதைக் கொடுத்திருக்க முடியும்? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இக்கதை துண்டு துண்டாக நீண்டது. ஆகவே தோட்டத்துப் பெண்ணொருத்தியின் 18ஆம் பிறந்தநாள் வெறும் அலங்காரமன்று. அவளுடைய பாட்டியும் பூட்டியும் இழந்துநின்ற ஒன்று அவளுக்கு வந்து சேரும் நாள் அது. "நீ இங்கே பிறந்தாய், அது நல்ல காரியம்" என்று அவளிடம் ஒரு தாய் சொல்வது, ஒரு சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்ல மறுத்த சொல்லைச் சொல்வதாகும்.

இனிப் பயணத்துக்கு வருவோம். இம்மக்களின் வரலாற்றைப் பயணங்களின் வரலாறு என்றே எழுதலாம். ஆனால் அவற்றுள் அவர்களுடைய பயணம் எது?

முதற்பயணம் தமிழகத்திலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, மன்னார்க் கரையில் இறங்கியோர் காடுகளினூடே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தே வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் விழுந்தோர் பலர். வந்து சேர்ந்தோருக்கு முதலில் கிடைத்தது கடன். கங்காணி ஆள் பிடிப்பதற்கு வாங்கிய முற்பணம், வழிச்செலவு, சோறு, துணி எல்லாம் தொழிலாளியின் பேரில் பற்று எழுதப்பட்டன. தன்னை அழைத்து வந்த பயணத்துக்கான விலையைத் தானே உழைத்துத் தீர்க்க வேண்டியவனாக அவன் மலையேறினான். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் அவன் கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' அவனோடு போயிற்று. புதிய தோட்டம் அக்கடனைக் கட்டி அவனை எடுத்துக்கொண்டது. மனிதன் இடம் மாறினான். கடன் கூடவே மாறியது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இரண்டாவது பயணம் திரும்பிப் போனது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளப்படுவர் என்று பங்கிட்டது. தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தனர். பெயர் வைத்தவர் எவரோ, வரலாற்றாசிரியனைவிட நன்றாக எழுதிவிட்டார்.

மூன்றாவது பயணம் இன்னும் முடியவில்லை. அது கொழும்புக்குப் போவது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அந்நகரத்தை முதன்முதலாகக் காண்பது வீட்டு வேலைக்காரராகவோ கடைச் சிப்பந்தியாகவோ போகும்போதுதான். தரகர் வருகிறார், வீட்டில் கொஞ்சம் பணம் கொடுக்கிறார், பிள்ளையை அழைத்துப் போகிறார். அதுவும் முற்பணம், அதுவும் பயணம், அதுவும் கடன். பெயரும் உடையும் மாறியிருக்கின்றன. கங்காணியின் கணக்கு மாறவில்லை. 2021இல் தொழிலுக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதைச் சட்டம் 14இலிருந்து 16ஆக உயர்த்தியது. அதே ஆண்டு ஜூலையில், மலையகத் தோட்டமொன்றைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமியொருத்தி, கொழும்பில் தான் வேலைசெய்த வீட்டில் தீக்காயமுற்று மருத்துவமனையில் உயிரிழந்தாள். தோட்டப் பகுதிகளில் மக்கள் வீதிக்கு வந்து நீதி கேட்டனர். அவள் கொழும்பை எந்த வாசலால் கண்டாள் என்று நாம் ஒருகணம் எண்ணிப்பார்க்க வேண்டும். கடற்கரைக்கு அவளை யாராவது அழைத்துப் போயிருப்பார்களா?

இம்மூன்று பயணங்களுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மூன்றிலும் போகிறவர் பிறருக்காகப் போகிறார்; பிறர் கட்டளைப்படி போகிறார்; பெரும்பாலும் கடன்பட்டுப் போகிறார். நாம் பேசத் தொடங்கிய அந்தத் தாய் தன் மகளுக்குக் கொடுக்க விரும்பும் பயணம் இவற்றினின்று வேறானது. அதில் ஆள்பிடிப்பவன் இல்லை, துண்டு இல்லை, தரகன் இல்லை, போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டிய வேலையும் இல்லை. இரண்டு பேர் தம் விருப்பத்தால் போய், தம் விருப்பத்தால் திரும்புகின்றனர். பயன் ஒன்றுமில்லை என்று எதைக் குறையாகச் சொன்னோமோ, அதுவே இப்பயணத்தின் பெருமை.

நகரத்தை முதன்முதலில் முன்வாசலால் கண்ட பெண்ணைப் பின்வாசலால் அழைத்துப் போவது எளிதன்று. காலிமுகத்திடலில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தேநீர் ஊற்ற வேண்டிய கடமையின்றி அலை பார்த்தவள், அந்நகரத்தைத் தரகரின் வாய்வழியே கேட்டு மயங்கவும் மாட்டாள், அஞ்சவும் மாட்டாள். ஆகவே 'பகட்டைக் காட்டினால் கெட்டுவிடுவாள்' என்ற மூன்றாவது குரல் உண்மையைத் தலைகீழாக நிறுத்துகிறது. காணாத நகரமே மனிதரை மயக்குகிறது. கண்ட நகரத்தோடு பேரம் பேசலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கங்காணியும் தரகனும் இல்லாத பயணத்திலும் கடன் நுழைவதற்கு ஒரு வழி உண்டு. அது தாயின் வாய். "உனக்காக நான் எவ்வளவு பட்டேன், உன்னைக் கொழும்புக்கெல்லாம் கூட்டிப்போனேனே" என்று பின்னொரு நாள் அவள் சொல்வாளாயின், அந்தக் கணமே பரிசு பற்றாகிவிடும். தமிழில் 'கடன்' என்ற ஒரே சொல் கடமையையும் குறிக்கிறது, திருப்பித் தர வேண்டியதையும் குறிக்கிறது. புறநானூற்றில் பொன்முடியார் பாட்டொன்று தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஒவ்வொருவருக்கும் உரிய கடனை வகுத்துச் சொல்கிறது. அங்கே கடன் என்றால் கடமை. ஆனால் நம் குடும்பங்களில் இரண்டு பொருளும் ஒன்றோடொன்று குழைந்துவிட்டன. பெற்றோர் தம் கடமையைச் செய்துவிட்டு அதைப் பிள்ளையின் கணக்கில் கடனாக எழுதுகின்றனர். அப்பாட்டில் மகளுக்கு இடமே இல்லை என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். அவளுக்குக் கடமையும் வகுக்கப்படவில்லை, உரிமையும் வகுக்கப்படவில்லை. நடைமுறையில் வீட்டின் கடனைத் தீர்ப்பதற்கு முதலில் அனுப்பப்படுபவள் அவளே.

வள்ளுவர் இவ்விடத்தில் நமக்கு உதவுகிறார். மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் தந்தை மகனுக்குச் செய்வதை நன்றி என்ற சொல்லாலும், மகன் தந்தைக்குச் செய்வதை உதவி என்ற சொல்லாலும் தனித்தனிக் குறள்களில் சொல்கிறார். ஒன்றை மற்றதன் விலையாக அவர் வைக்கவில்லை. தந்தை செய்ய வேண்டியது, மகனை அவையில் முற்பட்டு நிற்கத் தகுந்தவனாக்குவது. அதாவது, பெற்றவர் கொடுப்பது பிள்ளை தம்மிடம் திரும்பி வருவதற்காகவன்று. உலகத்துக்குள் நடந்து செல்வதற்காக. பட்டணப் பயணம் அதன் எளிய, கண்ணுக்குத் தெரியும் வடிவம்.

அவ்வாறாயின் மகள் ஒன்றுக்கும் கடமைப்பட்டவளல்லளா? அவள் செல்லும் வழியே இதற்கு விடை சொல்லும்.

அவர்கள் வாழும் மலைகளுக்கு அருகிலேதான் லூல்கந்துரத் தோட்டம் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதே 1867இல் கொழும்பிலிருந்து புகையிரதப் பாதை கண்டியை எட்டியது. அது மலையக மக்களுக்குக் கடல் காட்டுவதற்காகப் போடப்பட்டதன்று. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போடப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், அதே பாதையில் தேயிலை இறங்கியது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. அன்று முதல் தேயிலை இறங்கிக்கொண்டேயிருக்கிறது. கொழுந்து கொழும்பைப் பார்த்துவிடுகிறது. அதைப் பறித்தவள் பார்க்காமலே வயதாகி இறக்கிறாள். இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டா?

தெருவழியே போனால் கடுகண்ணாவைக் கணவாயில் ஒரு கோபுரத்தைக் காணலாம். கொழும்பு - கண்டிப் பாதையை அமைத்த பொறியியலாளர் டோசனின் நினைவாக அது 1832இல் எழுப்பப்பட்டது. அப்பாதையை வெட்டியவர்கள் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்துக்கு இழுக்கப்பட்ட சிங்களக் குடியானவர்கள். அவர்களுக்குக் கோபுரம் இல்லை. தாயும் மகளும் இதையும் கண்டு செல்ல வேண்டும். ஏனெனில் இம்மலைகளில் சுரண்டப்பட்டவர் நம்மவர் மட்டுமே என்று எண்ணுவது அரை உண்மை. பாதையைச் சிங்களக் குடியானவன் வெட்டினான். அப்பாதையில் இறங்கிய பயிரைத் தமிழ்த் தொழிலாளி வளர்த்தான். இருவருடைய பேத்திகளும் இன்று ஒரே பஸ்ஸில் நின்றுகொண்டு பயணம் செய்கிறார்கள். ஒருத்தியின் மொழி மற்றவளுக்குப் பெரும்பாலும் விளங்குவதில்லை.

கொழும்புக் காலிமுகத்திடலில் ஒரு நினைவுக்கல் உண்டு. 1859இல் அந்நடைபாதையை அமைத்து முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் சீமாட்டிகளதும் குழந்தைகளதும் நலனுக்காக அதைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கேட்டுக்கொண்டதாக அது சொல்கிறது. லயத்திலிருந்து வரும் ஒரு தாயையும் மகளையும் அந்த ஆளுநர் மனத்தில் கொண்டிருந்தார் என்று நம்ப நாம் பேதையரல்லோம். ஆயினும் கல்லில் எழுதியவன் கருத்துக்குக் கல் கட்டுப்பட்டதன்று. 2022இல் 'அரகலய' என்று நாடறிந்த மக்கள் எழுச்சி கூடாரமடித்து நின்றதும் அதே திடலில்தான். சீமாட்டிகளுக்கென்று வகுத்த இடத்தை மக்கள் எப்படித் தமதாக்கிக் கொள்கிறார்கள் என்பதற்கு இதனிலும் நல்ல பாடம் தேவையில்லை. அங்கே கால் வைக்கும் தோட்டத்துத் தாய் யாருடைய இடத்திலும் அத்துமீறி நுழைபவளல்லள். தனக்குச் சேர வேண்டியதைப் பார்வையிட வந்தவள்.

எனவே இம்மகள் கடமைப்பட்டிருப்பது தாய்க்கு மட்டுமன்று. இப்பாதையையும் துறைமுகத்தையும் நகரத்தையும் தம் உழைப்பால் ஆக்கிவிட்டு, அவற்றைக் காணாமலே போனவர்களுக்கு அவள் கடமைப்பட்டவள். அக்கடமையைப் பணத்தால் தீர்க்க முடியாது. மறவாமையால் மட்டுமே தீர்க்க முடியும். மறவாமையிலிருந்து பிறக்கும் செயலால் தீர்க்க முடியும்.

இதன் கனத்தை உணர்வதற்கு, மற்றொரு தந்தையையும் மகளையும் நினைத்துப் பார்ப்போம். 1930 அக்டோபரில், நைனிச் சிறையிலிருந்த ஜவாஹர்லால் நேரு, விக்கிரம ஆண்டுக் கணக்குப்படி தம் மகள் இந்திராவின் 13ஆம் பிறந்தநாளன்று அவளுக்கு ஒரு கடிதம் எழுதினார். கைதி பரிசுப் பொருள் வாங்கி அனுப்ப முடியாது. ஆகவே எண்ணங்களையே பரிசாக அனுப்பினார். பின்னர் உலக வரலாறு முழுவதையும் அளாவிச் சென்ற நூலாக விரிந்த கடிதங்களுக்கு முன் நிற்பது அதுவே. மறு ஆண்டு, 1931இல், விடுதலையான தந்தை, மனைவி கமலாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு மாத ஓய்வுக்காக இலங்கைக்கு வந்தார். நுவரெலியாவில் தங்கியிருந்தபோது, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நாள்தோறும் பல மைல் நடந்து வந்து காட்டுப்பூக்களும் காய்கறிகளும் வீட்டில் எடுத்த வெண்ணெயும் கொடுத்துப் போனார்கள் என்றும், மொழி புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்ததோடு சரி என்றும் அவர் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அந்த ஏழைகள் கொடுத்த பூக்களைவிடக் கடனற்ற பரிசு ஒன்று இருக்க முடியுமா? அவர்கள் எதையும் கேட்கவில்லை. அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் அதைக் கண்டாள். காலம் ஓடியது. 1974 சனவரியில், இந்தியப் பிரதமராக இருந்த இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும், 1964இல் தீர்க்கப்படாது விடப்பட்ட 1,50,000 பேரை 75,000, 75,000 என்று இரண்டாகப் பகிர்ந்துகொண்டனர். பூக் கொண்டுவந்தவர்களின் மக்களும் மக்களின் மக்களும் அக்கணக்கில் வெறும் இலக்கங்களாக நின்றார்கள்.

இதை ஒரு தனிமனிதரைப் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. அரசுகளின் தேவையும் எண்ணிக்கையின் தருக்கமும் தனிமனித நினைவைவிட வலியன என்பதை அறிவோம். உலகத்தையே பரிசாகக் கொடுத்த தந்தை இருந்தும், கண்ணால் கண்ட காட்சி இருந்தும், பார்த்தல் தானாகவே நீதியாகிவிடுவதில்லை என்பதற்காகவே சொல்கிறோம். உயரத்திலிருந்து பார்த்தவர் பூவைக் கண்டார். அதைக் கொண்டுவந்த கால்கள் எத்தனை மைல் நடந்தன என்பதைத் தந்தை எழுதினார், வரலாறு மறந்தது. கீழிருந்து பார்ப்பவளுக்கு அந்த மறதி கட்டுப்படியாகாது. நடந்த கால்கள் அவள் வீட்டுக் கால்கள்.

இப்போது இரண்டாவது குரலுக்கு, நம்முடைய குரலுக்கு, விடை சொல்ல வேண்டும். பிறந்தநாளும் பட்டணமும் நடுத்தர வர்க்கத்தின் ஆசைகளே என்பது உண்மைதான். கடைக்காரன் அந்த ஆசையை விற்றுப் பிழைக்கிறான் என்பதும் உண்மையே. பலூன் கட்டிப் படம் பிடித்து அயலாருக்குக் காட்டுவதற்காகச் செய்யும் கொண்டாட்டம் தொழிலாளியையும் கடனாளியாக்கும். அதை நாம் ஆதரிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆசையின் விற்பனையை எதிர்ப்பது வேறு, ஆசைப்படும் உரிமையை மறுப்பது வேறு. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய தொழிலாளர், எஞ்சிய நேரத்தில் வெறுமனே உறங்குவதற்காகவா போராடினார்கள்? மனிதனாக வாழ்வதற்கு ஒரு பொழுது வேண்டும் என்பதற்காகவே போராடினார்கள். அப்பொழுதை அவன் கடற்கரையில் கழித்தால் நமக்கென்ன மனத்தாங்கல்? தியாகமே உருவான தாய் என்று நாம் பாடிப் பாடி, அத்தாய்க்கு மகிழ்வதற்கு இருந்த சிறு இடத்தையும் எடுத்துக்கொண்டோம். அவள் மகளோடு சேர்ந்து தானும் முதன்முறை கடலைப் பார்க்கிறாள் என்பதை ஏனோ எவரும் நினைப்பதில்லை. அந்தப் பயணம் மகளுக்கு மட்டும் கொடுத்த பரிசன்று.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் நேரான பங்குண்டு. நம் பாடசாலைகளில் ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலா நடைபெறுகிறது. பணம் கட்டியோர் பட்டியல் ஒன்று வகுப்புச் சுவரில் ஒட்டப்படுகிறது. கட்டாதவர் பெயர் அதில் இல்லாமையாலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. சுற்றுலா நாளில் அப்பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும், மறுநாள் குணமாகிவிடும். இந்தக் காய்ச்சலின் காரணம் நமக்கு நன்றாகத் தெரியும். பட்டியலை ஒட்டாமலிருப்பதற்குப் பணம் தேவையில்லை. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்று தெரியாத ஒரு பொதுநிதியைப் பழைய மாணவரையும் ஊராரையும் கொண்டு சேர்ப்பதும் இயலாத காரியமன்று.

எங்கே அழைத்துச் செல்வது என்பதையும் சிந்திக்கலாம். கண்டி நகருக்குப் பக்கத்திலேயே ஹந்தானையில், 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையில், 2001 முதல் தேயிலை நூதனசாலை இருந்து வருகிறது. இயந்திரங்களையும் தோட்ட முன்னோடிகளின் பொருள்களையும் பிள்ளைகள் அங்கே பார்க்கலாம். அந்த இயந்திரங்களின் அருகே நின்றவர்களைப் பற்றிப் பிள்ளைகளின் வீடுகளிலேயே கேட்டு வரச் சொல்லலாம். அங்கிருந்து தேயிலை போன வழியிலேயே கொழும்புக்கும் அவர்களை அழைத்துப் போகலாம். நம் பழக்கம் ஒன்றையும் கைவிட வேண்டும். பயணம் முடிந்த மறுநாளே 'நான் கண்ட கொழும்பு' என்று கட்டுரை எழுதச் சொல்லி நாம் வட்டி வசூலிக்கிறோம். ஒருமுறையாவது அவர்கள் பார்த்ததை அவர்களிடமே விட்டுவைப்போம். எழுத வேண்டியவர் தாமே எழுதுவர், பத்தாண்டு கழித்தேனும்.

ஒரு சமுதாயம் தன் உழைப்பாளிகளுக்கு என்ன கூலி கொடுக்கிறது என்பதைக் கொண்டு அதன் நீதியை அளக்கிறோம். அளக்கத்தான் வேண்டும், அந்தப் போராட்டம் இன்னும் முடியவில்லை. அதனோடு இன்னொரு அளவுகோலும் நமக்கு வேண்டும். எவருக்கும் கடன்படாமல், எவரிடமும் காரணம் சொல்லாமல், தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இந்நாட்டின் எந்த நகரத்துக்கும் போய்வர ஓர் உழைப்பாளியால் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கொழுந்து கொழும்புக்குப் போவதற்கு எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. பறித்தவள் போவதற்கு மட்டும் நாம் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை, சமத்துவம் என்று நாம் பேசுவது பாதிப் பேச்சுத்தான்.